இவானோவைப் புடாபெஸ்ட் அறைக்குள் கொண்டுவந்தது துரோகமா?

புடாபெஸ்ட் நகரத்தின் கட்டோனா நாடகக் குழு, ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘இவானோவ்’ நாடகத்தை 1880களின் ரஷ்யப் பண்ணை வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்து, கம்யூனிஸ்ட் ஆட்சிக்கால ஹங்கேரியின் அழுக்கேறிய அறை ஒன்றில் நடத்தியதாகப் படித்திருக்கிறீர்கள். “இது மூலத்துக்குச் செய்யும் துரோகம் அல்லவா? பழைய நாடகத்தைப் பழைய உடையில், பழைய வீட்டில் போட்டால் என்ன குறை? ரஷ்யனுடைய சோகத்தில் ஹங்கேரியனுக்கு என்ன வேலை?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

துரோகம் இல்லை. செகாவ் தன் முதல் பார்வையாளர்களுக்கு எதைக் கொடுத்தாரோ, அதையே தங்கள் பார்வையாளர்களுக்கும் கொடுக்க அந்தக் குழு முயன்றது. பட்டு உடையையும் சமோவார் என்ற ரஷ்யத் தேநீர்க் கொதிகலத்தையும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது என்று கண்டுகொண்டதுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

முதலில் நாடகத்தைப் பார்ப்போம். தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் செகாவைச் சிறுகதைகள் வழியாகவே அறிந்தவர்கள். மாஸ்கோவில் அச்சாகி வந்த மலிவு விலைப் புத்தகங்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்த காலத்திலும் கதைகளுக்குக் கிடைத்த வாசகர்கள் நாடகங்களுக்குக் கிடைக்கவில்லை. அதிலும் ‘இவானோவ்’ பலரும் தாண்டிப் போய்விடும் நாடகம். முப்பத்தைந்து வயது நிலக்கிழார் நிகலாய் இவானோவ். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம், விவசாயச் சீர்திருத்தம், மேடைப் பேச்சு என்று ஓடியாடியவன். இப்போது எழுந்து நடக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துப் பண்ணை லெபதேவின் மனைவியிடம் ஒன்பதாயிரம் ரூபிள் கடன். மனைவி அன்னா பெத்ரோவ்னா காசநோயில் செத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பிறந்த பெயர் சாரா. யூதப் பெண். அவனுக்காக மதத்தையும் பெயரையும் பெற்றோரையும் விட்டுவிட்டு வந்தவள். அவள் மீது இருந்த காதல் தனக்குள் எப்போது வற்றிப்போனது என்று அவனுக்கே தெரியவில்லை. மாலையானதும் வீட்டில் இருக்கப் பொறுக்காமல் லெபதேவ் வீட்டுக்குப் போய்விடுகிறான். அங்கே சாஷா என்ற இளம்பெண் அவனைக் காப்பாற்றியே தீருவது என்று காதலிக்கிறாள். லிவோவ் என்ற இளம் மருத்துவன் அவனை அயோக்கியன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இவ்வளவுதான் கதை. இதில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். இவானோவை அயோக்கியனாகவும் மருத்துவனைப் பெரிய மனிதனாகவும் சிலர் புரிந்துகொண்டபோது செகாவ் பதறிப்போனார். 1888 டிசம்பரில் தன் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இவானோவ் யார் என்று பக்கம் பக்கமாக விளக்கியதோடு நில்லாமல், ஒரு கோட்டுப் படமும் வரைந்து காட்டினார். எழுச்சி, அதன்பின் தளர்ச்சி, மீண்டும் எழுச்சி, இன்னும் ஆழமான தளர்ச்சி என்று ஏறி இறங்கியபடியே கீழே போய்க்கொண்டிருக்கும் கோடு. மருத்துவர் ஒருவர் வரைந்த காய்ச்சல் அட்டவணை போல இருக்கும் அது. சோம்பல் என்றோ துரோகம் என்றோ சொல்லித் தீர்த்துவிட முடியாத ஒரு களைப்பு. அவருடைய நாடகம் அதைப் பற்றியது.

முதல் மேடையேற்றம் 1887 நவம்பரில், மாஸ்கோவில் கோர்ஷ் என்பவரின் அரங்கத்தில் நடந்தது. பத்து ஒத்திகை தருவதாகச் சொன்ன கோர்ஷ் நான்குதான் தந்தார் என்றும், அதிலும் இரண்டு நடிகர்களின் வாய்ச் சண்டையிலேயே கழிந்தன என்றும் செகாவ் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதியிருக்கிறார். பாத்திரத்தை மனப்பாடம் செய்து வந்தவர்கள் இருவர் மட்டுமே. நாடகம் முடிந்ததும் அரங்கில் ஒரே களேபரம். கைதட்டலும் சீழ்க்கையும் ஒன்றோடொன்று மோதின. பிறகு அவர் நாடகத்தைத் திருத்தி எழுதினார். முதல் வடிவத்தில் கடைசி அங்கத்தில் சத்தமில்லாமல் செத்துப்போகும் இவானோவ், 1889இல் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேறிய வடிவத்தில் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். முதல் வடிவத்துக்கு அவர் இட்ட பெயர் நகைச்சுவை. இரண்டாவதற்கு இட்டது நாடகம்.

கோர்ஷ் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தாங்கள் அணிந்திருந்த உடையையே மேடையிலும் பார்த்தார்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டு நாற்காலி, அவர்கள் ஊர் வம்பு, அவர்கள் கடன். இவானோவ் என்பது ரஷ்யாவில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர். பார்வையாளன் ‘அந்தக் காலத்தில் எவ்வளவு அழகாக வாழ்ந்தார்கள்’ என்று பெருமூச்சு விட அங்கே இடமே இல்லை. 1896இல் ‘கடற்பறவை’, 1904இல் ‘செர்ரித் தோட்டம்’ வந்தபோதும் இதே நிலைதான். இவை நகைச்சுவைகள் என்று செகாவ் அடித்துச் சொன்னார். ஆனால் அவர் இறந்த பிறகு, மேடை அவரை வேறு ஆளாக்கிவிட்டது. வெள்ளை உடை, பிர்ச் மரம், சமோவார், தொலைவில் ஒரு இசைக்கருவி, மெல்லிய குரலில் ஒரு விசும்பல். உலகத்தின் பாதி அரங்கங்களில் இந்தச் செகாவ்தான் பல பத்தாண்டுகள் உலவினார். அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு பார்வையாளனைப் பாதுகாப்பான தூரத்தில் உட்கார வைத்துவிடுகிறது. துரோகம் என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் நான் அங்கேதான் பயன்படுத்துவேன்.

இனி ஹங்கேரிக்கு வருவோம். கட்டோனா யோஷெஃப் அரங்கம் புடாபெஸ்ட் மையத்தில், பெதோஃபி ஷாண்டோர் தெருவில் இருக்கிறது. தேசிய நாடகமான ‘பாங்க் பான்’ எழுதியவரின் பெயரைத் தாங்கியது. அது தனி நிறுவனமாகப் பிறந்த கதையே அந்தக் காலத்து அரசியலைச் சொல்லிவிடும். 1978இல் காபோர் செகேய், காபோர் ஜாம்பெகி என்ற இரு இளம் இயக்குநர்களைத் தேசிய அரங்கத்தைப் புதுப்பிக்க அழைத்தார்கள். அவர்கள் உண்மையாகவே புதுப்பிக்கத் தொடங்கியதும் அதிகாரத்துக்குப் பொறுக்கவில்லை. 1982இல் அவர்களைத் தேசிய அரங்கத்திலிருந்து விலக்கி, அதன் சிறிய கிளை மேடையாக இருந்த கட்டோனாவைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒதுக்கி வைக்கக் கொடுத்த இடத்தில்தான் ஐரோப்பாவின் மிகச் சிறந்த குழுக்களில் ஒன்று உருவானது. 1985இல் டோமாஷ் ஆஷெர் இயக்கிய செகாவின் ‘மூன்று சகோதரிகள்’, 1987இல் ஜாம்பெகி இயக்கிய கோகலின் ‘அரசாங்க ஆய்வாளர்’ ஆகிய இரண்டும் நாடு நாடாகப் பயணம் செய்தன. ரஷ்ய நாடகங்கள்தான் இந்த ஹங்கேரியக் குழுவுக்கு உலகில் பெயர் வாங்கிக் கொடுத்தன. இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் ஹங்கேரியில் ரஷ்யா என்ற சொல் வெறும் பண்பாட்டுச் சொல்லாக இருந்ததில்லை. பள்ளியில் கட்டாயப் பாடம் ரஷ்ய மொழி. 1956 நவம்பரில், சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான மக்கள் எழுச்சியை நசுக்க வந்த டாங்கிகள் சோவியத் டாங்கிகள். கடைசிச் சோவியத் ராணுவ வீரன் வெளியேறியது 1991 ஜூனில். அப்படிப்பட்ட நாட்டில், 1985இல், மேடையில் ஒரு பெண் “மாஸ்கோவுக்கு! மாஸ்கோவுக்கு!” என்று ஏங்குவதைக் கேட்ட பார்வையாளரின் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும்! செகாவ் எழுதிய ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கேட்பவரின் காது மாறினால் போதும்.

அந்தக் காதைத் தயார் செய்த ஊர் ஒன்று உண்டு. தென்மேற்கு ஹங்கேரியின் கபோஷ்வார். தலைநகரத்தின் கண்காணிப்பிலிருந்து சற்று விலகியிருந்த சிறு நகரம். ஆஷெர் இயக்குநராக வளர்ந்தது அங்கேதான். அங்கே 1981 டிசம்பரில் யானோஷ் ஆச் என்ற இயக்குநர் பீட்டர் வைஸ் எழுதிய ‘மாரா/சாத்’ நாடகத்தைப் போட்டார். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நாடகம். முடிவில் மேடையின் பின்னால் புடாபெஸ்ட்டின் கோர்வின் சந்துப் படம் பிரம்மாண்டமாக நின்றது. 1956இல் இளைஞர்கள் டாங்கிகளோடு மோதிய இடம் அது. அதன் முன்னால் கட்டியக்காரனாக நடித்தவர் ஒரு தெருக்கல்லைக் கட்டிப்பிடித்து அழுதார். 1956ஐ ‘எதிர்ப்புரட்சி’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றிருந்த நாட்டில், வசனத்தில் எதையும் சேர்க்காமல், பார்வையாளர் எல்லோருக்கும் புரியும்படி அதைப் பற்றிப் பேசிவிட்டார்கள். வரிகளுக்கு இடையில் வாசிப்பது அங்கே பார்வையாளர்களின் அன்றாடப் பழக்கம். பழைய நாடகத்தை ‘நம் காலத்துக்கு மாற்றுவது’ அவர்களுக்கு அலங்காரம் அல்ல, பல ஆண்டுகளாக மூச்சு விட்ட வழி.

இப்போது 2004க்கு வருகிறோம். ஆஷெர் கட்டோனாவில் ‘இவானோவ்’ போடுகிறார். ஆட்சி மாறிப் பதினைந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. தணிக்கை இல்லை. எதையும் மறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அப்படியிருந்தும் அவர் நாடகத்தைத் தன் இளமைக்கால ஹங்கேரிக்கு, 1956க்குப் பிறகு நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் யானோஷ் காதாரின் ஆட்சிக்காலத்து மந்த நாட்களுக்குக் கொண்டுபோகிறார். ஏன் அந்தக் காலம்?

என் வாசிப்பைச் சொல்கிறேன். செகாவின் இவானோவ் ஒரு தனிமனிதனின் மனநோய் அல்ல. ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் 1881இல் கொல்லப்பட்ட பிறகு ரஷ்யாவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அதற்கு முன் கிராமத்துக்குப் போவோம், பள்ளி திறப்போம், நாட்டை மாற்றுவோம் என்று புறப்பட்ட படித்த தலைமுறை, முப்பது வயதைத் தாண்டும்போது கைகளைத் தொங்கவிட்டு நின்றது. எல்லோரும் சிறைக்குப் போய்விடவில்லை. சாப்பாடு இருந்தது, சீட்டாட்டம் இருந்தது. செய்வதற்குத்தான் எதுவும் இல்லை. ஹங்கேரியில் 1956இல் இருபது வயதாக இருந்தவனுக்கு 1970ஐ ஒட்டி என்ன வயது? இவானோவின் வயது. காதார் ஆட்சி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியைத் தளர்த்தியது. வயிற்றுக்குக் குறைவில்லை, சிறு வீடு, சில ஆண்டுகள் காத்திருந்தால் ஒரு கார். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: பழையதைப் பேசாதே. இந்த இரண்டு காலங்களும் ஒன்றின் மேல் ஒன்று வைத்த எண்ணெய்த் தாள் போலப் பொருந்துகின்றன. இதை இயக்குநர் திணித்ததாக நான் நினைக்கவில்லை. நாடகத்துக்குள் இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

இவானோவே தன் நிலையை ஓர் உவமையால் சொல்வான். அவனிடம் செம்யோன் என்ற வேலையாள் இருந்தான். களத்தில் பெண்கள் முன் தன் பலத்தைக் காட்ட இரண்டு ரை தானிய மூட்டைகளை ஒன்றாக முதுகில் ஏற்றினான். முதுகு முறிந்தது. சீக்கிரமே செத்தும் போனான். “நானும் முறிந்துவிட்டேன் என்று தோன்றுகிறது” என்கிற பொருளில் இவானோவ் தொடர்வான். ரஷ்யப் பண்ணை உடையில் ஒருவன் இதைச் சொன்னால் அது அழகான கவிதை. கசங்கிய கோட்டும் மலிவான சட்டையும் போட்ட மனிதன், நம் மாமாவைப் போன்ற ஒருவன், மங்கிய குழல்விளக்கு வெளிச்சத்தில் சொன்னால் அது வாக்குமூலம். எர்னோ ஃபெகெதெ என்ற நடிகர் இவானோவாக நடித்தார். நாயகனுக்குரிய கம்பீரம் எதையும் தேடாமல், சோர்வையே முழுப் பாத்திரமாக எடுத்துக்கொண்டவர். அது மிகக் கடினம். சோர்ந்தவனாக நடிக்கும் நடிகன் பார்ப்பவனையும் தூங்க வைத்துவிடலாம். இவானோவின் சோர்வுக்குள் எரிச்சலும், எரிச்சலுக்குள் வெட்கமும், வெட்கத்துக்குள் இன்னும் அணையாத ஒரு பொறியும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சாஷா எதைப் பார்த்துக் காதலித்தாள் என்றே புரியாது.

அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜோல்ட் கெல் வடிவமைத்தது. செகாவ் நான்கு அங்கங்களுக்கு நான்கு இடங்கள் எழுதியிருக்கிறார்: இவானோவ் வீட்டுத் தோட்டம், லெபதேவ் வீட்டுக் கூடம், இவானோவின் படிப்பறை, மீண்டும் லெபதேவ் வீடு. கட்டோனா மேடையில் எல்லாவற்றுக்கும் பெரிய, வெறுமையான, நிறம் வெளுத்த ஒரே அறைதான். வீடா, அலுவலகமா, கிராமத்துப் பண்பாட்டுக் கூடமா என்று சொல்ல முடியாத அறை. அரசாங்கம் கட்டி, அரசாங்கம் வண்ணம் பூசி, பிறகு யாரும் கவனிக்காமல் விட்ட இடங்களுக்கு ஒரு முகம் உண்டல்லவா, அந்த முகம். தோட்டத்தை எடுத்துவிட்டதால் நாடகம் ஏழையாகவில்லை. மாலையானால் வீட்டை விட்டு ஓடிப்போகும் இவானோவ், ஓடிப்போய்ச் சேர்வதும் அதே சுவர்களுக்குள்தான் என்று கண்ணால் பார்க்கும்போது, வசனம் விளக்காத ஒன்று விளங்கிவிடுகிறது. உடைகளை டியோர்ஜி சகாச் வடிவமைத்தார். அவையும் அதே நேர்மையோடு, யாரையும் அழகாக்கவோ கேலிப்பொருளாக்கவோ முயலாதவை.

இனி, அன்னா. என் பார்வையில் இந்த மேடையேற்றத்தின் மிகக் கனமான இடம் அதுதான். நாங்கள் சில நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து இந்த நாடகத்தை வாசித்துப் பார்த்தோம். மூன்றாம் அங்கத்தின் முடிவில், சண்டை முற்றி, இவானோவ் தன் மனைவியை அவள் பிறப்பைச் சொல்லித் திட்டுவான். ‘யூதச்சி’ என்று, இழிவான ரஷ்யச் சொல்லில். அதோடு நிற்காமல், “நீ சீக்கிரம் சாகப்போகிறாய், மருத்துவர் சொன்னார்” என்றும் சொல்லிவிடுவான். இவானோவ் பாத்திரத்தை வாசித்த நண்பர் அந்த வரியில் நின்றுவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருமுறை தொடங்கினார், மறுபடியும் நின்றார். பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எங்களுக்கும் அந்த வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எங்களுக்கே அப்படி என்றால், புடாபெஸ்ட் பார்வையாளரை நினைத்துப் பாருங்கள். 1944 மே முதல் ஜூலை வரையிலான சில வாரங்களில் ஹங்கேரியிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலில் ஏற்றி, பெரும்பாலோரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். உள்நாட்டு அதிகாரிகளின் ஒத்துழைப்போடுதான் அது நடந்தது. போருக்குப் பிறகு வந்த ஆட்சியில் அதைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. பெற்றோர் யூதர் என்பது பிள்ளைகளுக்கே தெரியாமல் வளர்ந்த வீடுகள் ஏராளம். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். சாரா என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு அன்னா பெத்ரோவ்னாவாக மாறிய பெண், காதார் காலத்து அறை ஒன்றில் நின்றுகொண்டு, தன் கணவன் வாயால் அந்தச் சொல்லைக் கேட்கிறாள். இல்டிகோ டோட் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். 1887இல் செகாவ் எழுதிய வரிக்கு, அவர் கனவிலும் நினைத்திராத எடையைப் பிற்கால வரலாறு ஏற்றி வைத்திருக்கிறது. பழைய ரஷ்ய உடையில் போட்டால் அந்த எடையை மேடையிலிருந்து இறக்கி வைத்துவிடலாம். இறக்கி வைக்காததுதான் மரியாதை.

இவ்வளவையும் படித்துவிட்டு, முழுக்க முழுக்க இருட்டான நாடகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆஷெர் சிரிக்க வைப்பதில் தேர்ந்தவர். அந்தச் சிரிப்பு நாடகத்திலேயே இருக்கிறது. லெபதேவ் மனைவி ஜினாய்தா மகா கஞ்சம். விருந்தாளிகளுக்கு எப்போதும் கூஸ்பெர்ரி ஜாம் மட்டும்தான். அவர்கள் தோட்டத்துக்குப் போன கணமே மெழுகுவத்தி வீணாக எரிகிறதே என்று ஓடிவந்து அணைப்பாள். கோசிக் என்ற கலால் அதிகாரி தான் தோற்ற சீட்டாட்டத்தை, கையில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, வரும் போதெல்லாம் யாரையாவது பிடித்து நிறுத்தி விவரிப்பான். ஒருவன் மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள், இவனுக்குச் சீட்டாட்டத்தில் வெற்றி தப்பிப்போன துக்கம். லெபதேவ், மனைவிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த ஆயிரத்து நூறு ரூபிளை இவானோவிடம் கொண்டுவந்து, இதை எடுத்துப் போய் என் மனைவியிடமே வட்டியாகக் கட்டிவிடு என்று கெஞ்சுவார். சிரிப்பு வரும், அடுத்த நொடி தொண்டை அடைக்கும். இந்தச் சிறு பாத்திரங்களில்தான் ‘இவானோவ்’ வாழ்கிறது. சின்ன வேடம்தானே என்று யாராவது ஒருவரைப் போட்டுவிட்டால் நாடகம் முடிந்தது.

நிலையான குழுவின் மதிப்பு இங்கேதான் தெரியும். ஹங்கேரியில் பெரிய அரங்கங்களுக்குச் சம்பளம் பெறும் நிரந்தர நடிகர் கூட்டம் உண்டு. இன்று கோகல், நாளை ஷேக்ஸ்பியர், மறுநாள் புதிய ஹங்கேரிய நாடகம் என்று இரவுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போடுவார்கள். நன்றாக ஓடும் நாடகம் மாதத்துக்குச் சில முறை என்று ஆண்டுக்கணக்கில் பட்டியலில் இருக்கும். நேற்று ஹாம்லெட்டாக நடித்தவர் இன்று ஒரு மூலையில் சீட்டாடும் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பார், அதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒன்றாக நடித்தவர்கள் ஓர் அறையில் சலிப்போடு உட்கார்ந்திருப்பதாக நடிக்கும்போது, உண்மையாகவே பல ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்ட ஊர்க்காரர்கள் போலத் தெரிவார்கள். நான்கு ஒத்திகையோடு மேடையேறிய கோர்ஷ் காலத்தை நினைத்தால், செகாவுக்குச் சேர வேண்டிய கடனை நூறு ஆண்டு கழித்து இவர்கள் தீர்த்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த மேடையேற்றம் 2009இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் விழா வரை போனது.

புதிதாக மேடையேற்ற இது ஒன்றுதான் வழியா என்றால், இல்லை. அதே புடாபெஸ்ட்டில், ஓராண்டு முன்பு, 2003இல், இதற்கு நேர்மாறான வழியில் ஒரு செகாவ் நாடகம் நடந்தது. ஆர்பாத் ஷில்லிங் 1995இல் தொடங்கிய க்ரேதாகோர் குழு, அதாவது ‘வெண்கட்டி வட்டம்’, ஃபேசெக் என்ற பழைய கலைஞர் மன்றத்தின் கூடத்தில் ‘கடற்பறவை’யை நடத்தியது. அங்கே எந்தக் காலமும் இல்லை. அரங்க அமைப்பு இல்லை, நாடக உடை இல்லை, தனி ஒளியமைப்பு இல்லை. நடிகர்கள் அன்றாட உடையில் பார்வையாளர்களோடு கலந்து உட்கார்ந்திருந்து, தங்கள் முறை வரும்போது பேசினார்கள். ஆர்கதினாவாக எஸ்தர் சாகானி, நீனாவாக அன்னமாரியா லாங், திரெப்லெவாக ஜோல்ட் நாஜ். “புதிய வடிவங்கள் வேண்டும்” என்று இளம் எழுத்தாளனான திரெப்லெவ் கத்தும்போது, அவன் கத்துவது உங்கள் பக்கத்து நாற்காலியிலிருந்து. தலைப்பே ஒரு குறும்பு. கடற்பறவைக்கு ஹங்கேரியச் சொல் ‘ஷிராய்’. அதன் கடைசி ஒலியை அந்த மொழியில் இரண்டு விதமாக எழுதலாம், ஒலிப்பு ஒன்றுதான். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரந்தரத் தலைவலி, நமக்கு ரகரமும் றகரமும் போல. ஷில்லிங் வேண்டுமென்றே தவறான எழுத்தில் தலைப்பை எழுதினார். பறவை என்பதைப் ‘பரவை’ என்று எழுதிச் சுவரொட்டி ஒட்டியதற்குச் சமம். (பரவை என்றால் கடல் என்று தமிழில் ஒரு பொருள் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.) சரியாக எழுதிப் பழகிய கண், ஒரு கணம் தடுக்கி, அந்தச் சொல்லை முதல் முறை பார்ப்பது போலப் பார்க்கும். மேடையில் அவர்கள் செய்ததும் அதைத்தான்.

ஆஷெர் ஒரு காலத்தைக் குறிப்பாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு நாற்காலியையும் அந்தக் காலத்து நாற்காலியாக வைத்தார். ஷில்லிங் காலத்தையே கழற்றி எறிந்தார். இரண்டிலும் வசனத்தின் மீது அக்கறை ஒன்றுதான்.

உங்கள் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழைய நாடகத்துக்கு ஜீன்ஸ் போட்டுவிட்டு, கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு, ‘சமகாலம்’ என்று பெயர் சூட்டும் மேடையேற்றங்களை நானும் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவற்றில் உடை மாறியிருக்கும், மனிதர்களுக்கிடையே எதுவும் மாறியிருக்காது. நான் வைத்துக்கொள்ளும் உரைகல் எளியது. இடத்தையும் காலத்தையும் மாற்றியதால் மூலத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு வரி முன்பைவிடப் பலமாகக் கேட்கிறதா? செம்யோனின் மூட்டை கேட்கிறது. அன்னா மீது விழும் சொல் கேட்கிறது. லெபதேவின் ஆயிரத்து நூறு ரூபிள் கேட்கிறது. அப்படியென்றால் மாற்றம் நாடகத்துக்காகச் செய்யப்பட்டது. மாற்றத்தால் வரிகள் மங்கி, இயக்குநரின் சாமர்த்தியம் மட்டும் மின்னினால், அப்போது நீங்கள் சொல்லும் சொல்லை நானும் சொல்வேன்.

ரஷ்யனுடைய சோகத்தில் ஹங்கேரியனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இன்னொரு கோணமும் உண்டு. கட்டோனாவின் ‘இவானோவ்’ வெளிநாட்டில் கண்ட வரவேற்புக்குப் பிறகு, ஆஷெரை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்தார்கள். 2010இல் சிட்னி தியேட்டர் கம்பெனிக்காக ‘வான்யா மாமா’வை இயக்கினார். கேட் பிளான்செட் எலெனாவாக நடித்தார். கெல்லும் சகாச்சும் அங்கேயும் உடன் இருந்தார்கள். மொழிபெயர்ப்பாளரை அருகில் வைத்துக்கொண்டே ஆஷெர் ஒத்திகை நடத்தினார். ரஷ்ய நாடகம், ஹங்கேரிய இயக்குநர், ஆங்கிலம் பேசும் நடிகர்கள். அந்த மேடையேற்றம் வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய் வந்தது. சலிப்பையும் கடனையும் வற்றிப்போன காதலையும் புரிந்துகொள்ள யாருக்கும் ரஷ்யக் குடியுரிமை தேவைப்படவில்லை.

‘இவானோவ்’ பதிவு எங்காவது பார்க்கக் கிடைத்தால், பார்க்கும் முன் நாடகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். ஹங்கேரிய மொழியில் நடக்கும். மொழிபெயர்ப்பு வரிகளைத் துரத்திக்கொண்டிருந்தால் முகங்களைத் தவறவிடுவீர்கள். செகாவ் நாடகத்தைத் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள்: இவானோவ் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான், பண்ணையைக் கவனிக்கும் போர்க்கின் குடித்துவிட்டு, துப்பாக்கியோடு பூனை போல வந்து, விளையாட்டுக்காக அவன் முகத்துக்கு நேரே குறி வைக்கிறான். இவானோவ் திடுக்கிட்டு எழுகிறான். போர்க்கின் சிரிக்கிறான். பிறகு இரண்டாம் அங்கம், லெபதேவ் வீட்டு விருந்து. அங்கே யார் பேசுகிறார்களோ அவர்களை விட்டுவிடுங்கள். பேச எதுவும் இல்லாமல், கிளம்பிப் போகவும் வழியில்லாமல், ஜாம் கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பாருங்கள்.